பண்ணையில் ஆன்டிபயாடிக்கைக் குறைத்தது எப்படி: என் அனுபவம்

"ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக மாட்டுக்கு இயற்கையாக என்ன கொடுக்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. இப்போது எதற்காகப் போடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அதற்குத் தெளிவான பதில் இருக்காது. "கன்றுக்குக் கழிச்சல், அதனால் போட்டேன்" என்பார் ஒருவர். "குஞ்சு இறங்கிய முதல் வாரம் எல்லாரும் தண்ணீரில் கலக்குகிறார்கள், நானும் கலக்குகிறேன்" என்பார் இன்னொருவர். "தீவனத்திலேயே கலந்து வருகிறது போல" என்றும் சொல்வார்கள். இந்த மூன்றும் வெவ்வேறு சங்கதி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே மூலிகையைத் தேடினால் கிடைக்காது.

நான் கறவை மாடும் கொஞ்சம் கறிக்கோழியும் வளர்க்கிறவன். மருத்துவம் படித்தவன் இல்லை. இங்கே எழுதுவதெல்லாம் கொட்டகையில் பார்த்தது, எங்கள் கால்நடை மருத்துவரைக் குடைந்து குடைந்து கேட்டது, அப்புறம் கையில் கிடைத்ததைப் படித்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் பண்ணையில் ஆன்டிபயாடிக் குறைந்ததில் மூலிகையின் பங்கு சின்னதுதான். பெரிய பங்கு காய்ந்த தரைக்கும் சீம்பாலுக்கும் தடுப்பூசிக்கும் போகும். மூலிகைக்கு இடமே இல்லை என்று சொல்ல வரவில்லை, அதன் இடம் எது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக் தீவனத்துக்குள் நுழைந்த விதமே வேடிக்கையானது. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுக்கு வைட்டமின் பி12 மலிவாகக் கிடைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்த பிறகு மிஞ்சும் கசடைத் தீவனத்தில் கலந்து பார்த்தபோது, வைட்டமினை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் வரக்கூடியதைவிடக் குஞ்சுகள் வேகமாக எடை போட்டன. கசடில் ஒட்டிக்கொண்டிருந்த ஆன்டிபயாடிக்தான் காரணம். 1951இல் மருத்துவர் சீட்டு இல்லாமலே தீவனத்தில் சேர்க்க அங்கே அனுமதி கிடைத்தது, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நோயே இல்லாத பிராணிக்கு, நோயைக் குணமாக்கப் போதாத சிறு அளவில், தினமும். கிருமிகளை மருந்துக்குப் பழக்க வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இதைவிட நல்ல ஏற்பாடு செய்திருக்க முடியாது.

அப்படிப் பழகிய கிருமி கொட்டகையோடு நின்றுவிடாது என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி 1976லேயே காட்டிவிட்டார். ஒரு பண்ணையில் கோழிகளைப் பிரித்து ஒரு பகுதிக்கு மட்டும் டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் போட்டார்கள். ஒரு வாரம் போல ஆனதுமே அந்தக் கோழிகளின் குடலில் இருந்த கிருமிகளில் பெரும்பாலானவை அந்த மருந்துக்கு அடங்காதவையாகிவிட்டன. சில மாதங்களில் அந்தத் தீவனத்தில் கலக்கவே கலக்காத வேறு மருந்துகளுக்கும் அவை அடங்கவில்லை. அரை வருடத்துக்குள் பண்ணை வீட்டில் வாழ்ந்த மனிதர்களின் குடலிலும் அதே மாதிரிக் கிருமிகள் பெருகியிருந்தன, அக்கம்பக்கத்து வீட்டாரிடம் அப்படி இல்லை. இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒரே விஷயம்தான்: கொட்டகையில் முதலில் பாதிக்கப்படுவது பால் வாங்குகிறவரோ கறி வாங்குகிறவரோ இல்லை, சாணி அள்ளுகிறவரும் கறக்கிறவரும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

2015இல் சீனாவில் கண்டுபிடித்த எம்சிஆர்-1 மரபணு இன்னும் மோசமான செய்தி. கொலிஸ்டின் என்பது வேறு எதுவும் கேட்காதபோது மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து. அதையே பன்றிக்கும் கோழிக்கும் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மரபணு ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கே தாவக்கூடியது என்று தெரிந்ததும் சீனா 2017இல் தீவனத்திலிருந்து கொலிஸ்டினை எடுத்தது. இந்தியா 2019இல் உணவுக்கான கால்நடைகளில் அதைத் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. அத்தனைக்கும் பண்ணையைக் கைகாட்ட முடியாது, மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் நடப்பதும் இதில் சேர்த்திதான். ஆனால் நம் பங்கு நம் கையில் இருக்கிறது.

சரி, தீவனத்திலிருந்து எடுத்துவிட்டால் போதுமா? சுவீடன் 1986லேயே வளர்ச்சிக்காகக் கொடுப்பதைத் தடை செய்தது. அதன் பிறகு நடந்ததைப் பலர் பாதியோடு நிறுத்திவிட்டுச் சொல்வார்கள். தடை வந்ததும் தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் அதிகமாகி, சிகிச்சைக்கான மருந்துதான் கொஞ்ச காலம் கூடியது. குட்டிகளைக் கூடுதல் நாள் தாயோடு விடுவது, நெருக்கம் குறைப்பது, ஒரு அறையை முழுக்கக் காலி செய்து கழுவிவிட்டு அடுத்த கூட்டத்தை விடுவது, தீவனத்தில் புரதத்தைக் குறைப்பது என்று மற்றதையெல்லாம் மாற்றிய பிறகுதான் மொத்த உபயோகம் இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006இல் அந்தத் தடை வந்தது. 2022 ஜனவரியிலிருந்து, எல்லா விலங்குக்கும் வழக்கமாக முன்கூட்டியே கொடுத்து வைப்பதும் கூடாது என்றாகிவிட்டது.

நார்வே சால்மன் மீன் பண்ணைகள்தான் எனக்குப் பிடித்த உதாரணம். 1987 வாக்கில் அங்கே மீனுக்கு வருடத்துக்கு 50 டன் அளவுக்கு ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் நல்ல தடுப்பூசி வந்தது, குஞ்சு மீன்களுக்கு ஒவ்வொன்றாக ஊசி போட்டார்கள். மீன் உற்பத்தி பல மடங்கு பெருகியும் மருந்து ஏறத்தாழ இல்லை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. மீனுக்கே ஊசி போட முடிந்திருக்கிறது, நம்மில் பலர் மாட்டைப் பிடித்துக் கட்டச் சோம்பல்பட்டுத் தடுப்பூசி முகாமைத் தவறவிடுகிறோம்.

எங்கள் பண்ணையில் மாற்றம் ஒரு நோட்டிலிருந்து தொடங்கியது. மருந்து வாங்கிய கணக்கு எல்லாரும் வைத்திருப்பார்கள். இது அந்தக் கணக்கு இல்லை. எந்த மாடு, எந்தக் காம்பு, என்ன தேதி, என்ன மருந்து, எத்தனை நாள், கேட்டதா இல்லையா. மருத்துவர்தான் எழுதச் சொன்னார். "நீங்கள் எழுதாமல் நான் என்ன ஆலோசனை சொல்ல முடியும்? ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்து பார்க்கிற மாதிரிதான் எனக்கு இருக்கிறது" என்றார். சில மாதம் எழுதிப் புரட்டிப் பார்த்தபோது கண்ணில் பட்டது: மடிநோய் பெரும்பாலும் கொட்டகையின் ஒரு ஓரத்தில் கட்டும் மாடுகளுக்குத்தான். அங்கே தரையில் லேசான பள்ளம், கழுவிய தண்ணீரும் மூத்திரமும் அங்கேதான் வந்து நிற்கும். படுக்கும்போது மடி அந்த ஈரத்தில்தான் கிடக்கும். சிமெண்ட் பூசிப் பள்ளத்தைத் தூர்த்து, வாட்டத்தைத் திருப்பி, மேலே ரப்பர் விரிப்புப் போட்டோம். அந்த ஓரத்துக்கு வாங்கிய ட்யூப் மருந்து (காம்புத் துளை வழியாக மடிக்குள் ஏற்றும் ஆன்டிபயாடிக்) எவ்வளவு குறைந்தது என்று நோட்டே சொன்னது. இதை எந்த மூலிகையின் கணக்கிலும் எழுத முடியாது.

மடிநோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பால் பண்ணையில் ஆன்டிபயாடிக் அதிகம் போவது இங்கேதான். கறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று நான்கு பீச்சை ஒரு கறுப்புத் தட்டில் பீச்சிப் பாருங்கள். வெள்ளைத் தட்டு வேண்டாம், கறுப்பில்தான் தெரியும். நல்ல பால் தட்டில் வழுவழுவென்று ஒரே சீராக ஓடும். நோய் தொடங்கிய பாலில் சின்னச் சின்னத் திரிகள், வெண் துணுக்குகள் தட்டைச் சாய்க்கும்போது பின்தங்கி ஒட்டிக்கொண்டு நிற்கும். சில சமயம் திரியே இருக்காது, பால் நீர்த்துப்போய் ஓரம் மஞ்சளாகத் தெரியும், அது இன்னும் கவனிக்க வேண்டியது. தரையில் மட்டும் பீச்சாதீர்கள், அந்தப் பாலில் இருக்கிற கிருமியை நாமே படுக்கையில் தெளித்த மாதிரி ஆகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத மடிநோய்க்கு ஒரு சோதனை இருக்கிறது. நாலு குழி உள்ள தட்டில் நாலு காம்புப் பாலையும் தனித்தனியாகப் பிடித்து, அதே அளவு சோதனைக் கரைசலை ஊற்றிச் சுழற்ற வேண்டும். காம்பில் அழற்சி இருந்தால் பால் கொழகொழவென்று கூழாகும், நல்ல பால் தண்ணீர் போலவே சுழலும். கரைசல் கிடைக்காத இடத்தில் 3 சதவீதம் சலவைத்தூள் கரைத்த தண்ணீரை வைத்தும் இதே சோதனையைச் செய்கிறார்கள். கூழாவது பாலில் உள்ள வெள்ளையணுக்களின் உட்பொருள்தான். மாட்டின் உடம்பு ஏற்கெனவே சண்டை போடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டு ட்யூபை எடுக்கிறார்கள். லேசான மடிநோயில் கணிசமான பங்கு, நாம் திரியைப் பார்க்கிற நேரத்துக்குள் கிருமியை மாடே வென்றுவிட்ட கேஸ். பால் மாதிரியை ஆய்வகத்தில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்தால் ஒன்றும் முளைக்காது. இன்னொரு பங்கு ஈ.கோலி மாதிரியான சாணிக் கிருமி. லேசாக இருந்தால் அதுவும் பெரும்பாலும் தானாக அடங்கும், ட்யூபால் கூடுதல் பயன் பெரிதாக இல்லை. ஆன்டிபயாடிக் உண்மையிலேயே பயன்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக்கும் வேறு சிலதுக்கும். அதனால் மாடு நன்றாகத் தின்கிறது, காய்ச்சல் இல்லை, பாலில் மட்டும் திரி என்றால், மாதிரியை எடுத்து அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை ஒரு நாள் பொறுக்கலாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். அந்த ஒரு நாள் பொறுமை பல ட்யூப்களை மிச்சப்படுத்தியது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி பிடித்த பழைய மாடு மட்டும் வேறு கதை. அது மடித் திசுவுக்குள் புகுந்து பதுங்கிக்கொள்ளும், எத்தனை ட்யூப் போட்டாலும் திரும்ப வரும். அந்த மாட்டைக் கடைசியாகக் கறப்பதும், முடிந்தால் மந்தையிலிருந்து கழிப்பதும்தான் மற்ற மாடுகளுக்கு மருந்து.

அந்த ஒரு நாள் பொறுக்கும் நேரம்தான் மூலிகைக்கு நான் கொடுக்கிற இடம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைக்கிற கலவையை இந்தியாவின் தேசியப் பால்வள வாரியம் பால் கூட்டுறவுகள் வழியாகப் பரப்பி வருகிறது. அரைத்ததும் செந்நிறமாக மாறும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வருகிற நிறம். மடியை முழுக்கக் கறந்து கழுவிவிட்டு, ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்கத் தடவ வேண்டும், ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை, ஐந்து நாள். கூடவே தினமும் இரண்டு எலுமிச்சம்பழம் தின்னக் கொடுக்கச் சொல்கிறார்கள். எட்டு பத்து தடவை என்பதைப் பலர் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பூசிவிட்டு "கேட்கவில்லை" என்பார்கள். அன்றன்று அரைத்ததைத்தான் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தை மூடி வைத்து மறுநாள் பூசுவது கூடாது. தடவுகிறவர் கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த மாட்டைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தோடு நோயையும் சேர்த்துப் பூசுவதாக முடியும்.

என் அனுபவத்தில், லேசான வீக்கம் இருக்கும் மாடுகளில் இந்தப் பூச்சுப் போட்டதும் மடி இளகியது, மாடு உதைப்பது நின்றது. தானாகவே ஆறியிருக்கக்கூடிய மாடும் அதில் இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூச்சுப் போட்டுக்கொண்டே காத்திருக்கக் கூடாத மாடு எது என்று தெரிந்தே ஆக வேண்டும். தீனி எடுக்காமல் நிற்கிறது, வெப்பமானியில் 40 டிகிரி செல்சியசைத் தொடுகிறது, பால் மோர்த்தெளிவு போல நீராக வருகிறது, காது சில்லிட்டிருக்கிறது, அல்லது மடியே குளிர்ந்து நீலம் பாய்கிறது: இதில் எது இருந்தாலும் கற்றாழையைக் கீழே போட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். இந்த வகையில் மாடு ஒரே இரவில் செத்துப்போகும். "இயற்கை முறையிலேயே காப்பாற்றிவிடுவேன்" என்று இந்த நிலையில் பிடிவாதம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், வலியில் துடிப்பது அவர் இல்லை, மாடு.

வராமல் தடுப்பதில் சின்னச் சின்ன விஷயங்கள்தான் வேலை செய்தன. கறப்பதற்கு முன் காம்பை ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணியால் துடைப்பது. கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி எடுப்பது. முக்கியதும் தொட்டியில் புதுத் தீவனம் வைப்பது, ஏனென்றால் கறந்த பிறகு அரை மணி நேரமாவது காம்புத் துளை திறந்தே இருக்கும், தீனியைப் பார்த்தால் மாடு படுக்காமல் நிற்கும். பால் வற்ற வைக்கும்போது எல்லா மாட்டுக்கும் ட்யூப் போடும் வழக்கத்தையும் விட்டோம், சோதனையில் கூழான காம்புக்கு மட்டும் போட்டு, மற்றதற்குக் காம்பை அடைக்கும் பசையை மட்டும் வைக்கிறோம். இதை மருத்துவர் இல்லாமல் தனியாக முயற்சி செய்யாதீர்கள், பசையை வைக்கிற கை சுத்தமாக இல்லாவிட்டால் கிருமியை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டிய மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது கன்று. பிறந்து சில நாளான கன்றுக்குக் கழிச்சல் வந்ததும் ஊசி போடச் சொல்லி நான் மருத்துவரைக் கேட்டதும், அவர் கன்றின் கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்துவிட்டார். தோல் உடனே படியாமல் கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கியது. கண் குழிக்குள் போயிருந்தது. "இது வறண்டு போய்க் கிடக்கிறது. ஊசியா தண்ணீரா, எது முதலில்?" என்றார். இந்த வயதுக் கழிச்சலில் பெரும்பகுதி ரோட்டா, கொரோனா வகை வைரஸ்களாலும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாலும் வருவது, இவற்றில் எதையும் சாதாரண ஆன்டிபயாடிக் தொடாது. கன்று சாவது பெரும்பாலும் நீரும் உப்பும் போய், ரத்தம் புளித்துப்போவதால். அதனால் முதல் மருந்து உப்பு, குளுக்கோஸ், ரத்தத்தின் புளிப்பை மாற்றும் காரம் எல்லாம் சேர்ந்த கன்றுக்கான நீரேற்றக் கரைசல். பாலை நிறுத்தச் சொல்வார்கள் சிலர், நிறுத்த வேண்டாம், பட்டினி போட்டால் இன்னும் சோர்ந்துவிடும். வழக்கமான பாலைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கரைசலைத் தனியாகக் கொடுங்கள், பாலோடு கலக்காதீர்கள். காய்ச்சல், சாணத்தில் ரத்தம், சப்பாமல் சுருண்டு கிடப்பது, இவை இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அந்த முடிவு மருத்துவருடையது.

கன்று விஷயத்தில் இயற்கை மாற்று என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் சீம்பாலைத்தான் சொல்வேன். பசுவின் கருப்பையிலிருந்து கன்றுக்கு நோயை எதிர்க்கும் புரதங்கள் போகாது, கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. முழுக்கச் சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும், கன்றின் குடலும் அதை அப்படியே உறிஞ்சும், ஆனால் பிறந்து ஆறு மணி நேரத்திலேயே அந்த வாசல் சுருங்கத் தொடங்கி, ஒரு நாளில் மூடிவிடும். 35 கிலோ கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் மூன்றரை லிட்டர், அதாவது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. தானாகக் குடிக்கும் என்று விட்டுவிடுவது பலர் செய்வது. எவ்வளவு குடித்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கறந்து, அளந்து, புட்டியில் கொடுங்கள். கெட்டியாக இருப்பதெல்லாம் நல்ல சீம்பால் இல்லை, சர்க்கரை அளக்கும் பிரிக்ஸ் மானி என்ற சின்னக் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 22க்கு மேல் காட்ட வேண்டும். நல்ல சீம்பால் மிஞ்சினால் உறைய வைத்துக்கொள்ளுங்கள், இரவில் ஈனும் தலையீற்று மாட்டுக்குப் பால் போதாமல் போகும்போது அது கைகொடுக்கும். உருக்கும்போது கொதிக்கிற தண்ணீரில் வைக்காதீர்கள், கை பொறுக்கும் சூட்டில் மெதுவாக உருக வேண்டும், இல்லாவிட்டால் காப்பாற்ற வேண்டிய புரதமே வெந்துவிடும்.

கோழியில் எனக்கு அனுபவம் குறைவு, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். குஞ்சு பொரிப்பகத்தில் பிறக்கிற குஞ்சு தாய்க்கோழியைப் பார்ப்பதே இல்லை, அதனால் தாயின் எச்சத்திலிருந்து வர வேண்டிய நல்ல கிருமிகளும் வருவதில்லை. காலியாக இருக்கிற குடலில் முதலில் வருகிறவன் இடம் பிடித்துவிடுவான். பின்லாந்தில் நூர்மியும் ரந்தாலாவும் 1973இல் இதை வைத்தே ஒரு சோதனை செய்தார்கள்: வளர்ந்த கோழியின் குடல் கிருமிகளைப் புதுக் குஞ்சுக்குக் கொடுத்தபோது சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி குடியேற முடியவில்லை. இன்று விற்கும் புரோபயாடிக் (உயிருள்ள நல்ல கிருமி) பொடிகளில் பலவற்றுக்கு அடிப்படை அந்த யோசனைதான். ஆனால் அந்தப் பொடியைக் குளோரின் போட்ட தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிருமியைக் கொல்லத்தானே குளோரின். ஆன்டிபயாடிக் கொடுக்கிற அதே நாளில் புரோபயாடிக்கும் கொடுப்பது இதே ரகம், மருந்து முடிந்த பிறகு கொடுத்தால்தான் அர்த்தம்.

கோழிக் கொட்டகையில் நான் தினமும் செய்வது கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, விரலை விரித்துப் பார்ப்பது. பிடித்த உருண்டை அப்படியே நின்றால் ஈரம் அதிகம், விண்டு உதிர்ந்தால் சரி. தண்ணீர்க் குழாய்க்குக் கீழேதான் முதலில் நனையும், நிப்பிள் (கோழி கொத்தினால் தண்ணீர் சொட்டும் முனை) உயரம் குறைவாக இருந்தால் கோழி தலையைச் சாய்த்துக் குடிக்கும், பாதித் தண்ணீர் கீழே போகும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் முற்றி, தொற்றும் நிலைக்கு வர ஈரம் வேண்டும். அந்த ஒட்டுண்ணி குடல் சுவரைப் புண்ணாக்கிவிட்டால் பின்னாலேயே கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமி புகுந்து குடலை அழுக வைக்கும், அப்போதுதான் எல்லாரும் ஆன்டிபயாடிக்கை நோக்கி ஓடுகிறார்கள். குழாயின் உயரத்தைக் கோழியின் தோளுக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் அந்த ஓட்டம் தேவைப்பட்டிருக்காது.

கடையில் இயற்கை என்று விற்பதெல்லாம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஓமவல்லி, தைம் வகைச் செடிகளின் எண்ணெயில் உள்ள கார்வக்ரால், தைமால் இரண்டும் ஆய்வகத்தில் கிருமியை நன்றாகவே கொல்கின்றன. கொட்டகையில் பலன் ஒரு தடவை தெரியும், இன்னொரு தடவை தெரியாது, தீவனம், செடி வளர்ந்த மண், எண்ணெயின் அளவு என்று எல்லாம் மாறுகிறது. கொட்டகை சுத்தமாக இருந்தால் வித்தியாசமே தெரியாமலும் போகும். பூண்டு நல்லதுதான், ஆனால் கறவை மாட்டுக்குக் கொடுத்தால் பாலில் வாசனை ஏறும். வெங்காயத்தை அதிகம் தின்ற மாட்டுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை வரும். பன்றிக்குட்டிக் கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றாக ஐரோப்பாவில் அதிக அளவில் கொடுத்த துத்தநாக ஆக்சைடு, மண்ணில் சேர்கிறது, மருந்தை எதிர்க்கும் கிருமிகளையும் வளர்க்கிறது என்று 2022இல் அங்கேயே நிறுத்தினார்கள். என்னிடம் யாராவது மூலிகைப் பொடி விற்க வந்தால் உள்ளே என்ன, எவ்வளவு என்று லேபிளில் எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். "எல்லா நோய்க்கும்" என்று எழுதியிருந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்வேன்.

ஆன்டிபயாடிக் தேவைப்படும் நேரத்தில் தயங்காமல் போடுகிறோம், ஆனால் ஒழுங்காகப் போடுகிறோம். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு அளவு சொல்வதை நிறுத்தி, மார்புச் சுற்றளவு நாடா வைத்து அளக்கிறோம், ஏனென்றால் பெரிய மாட்டுக்குச் சின்ன அளவு போடுவது மருந்தை வீணாக்குவதோடு கிருமிக்கும் பழக்கம் கொடுக்கிறது. மாடு தேறிவிட்டது என்று நாமாக நடுவில் நிறுத்துவதில்லை. முந்தின தடவை மிஞ்சிய பாட்டிலை அடுத்த மாட்டுக்கு எடுப்பதும் இல்லை. மருந்துப் பெட்டியில் எழுதியிருக்கும் பால் விலக்கு நாட்களை, அதாவது பாலைப் பயன்படுத்தக் கூடாத நாட்களை, நோட்டில் எழுதி, அந்த மாட்டின் காலில் சிவப்பு நாடா கட்டிவிடுகிறோம், கறக்க யார் வந்தாலும் கேட்காமலே தெரியும். மருந்து கலந்த பாலை யாராவது உறை ஊற்றிப் பார்த்திருந்தால் தெரியும், மருந்து போதிய அளவு இருந்தால் அது தோயாமல் தண்ணீராகவே கிடக்கும், உறையில் உள்ள கிருமியை மருந்து வளர விடாது. அதற்காகத் தோய்ந்துவிட்டால் மருந்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், விலக்கு நாள்தான் கணக்கு.

அந்த விலக்கு நாட்களில் கறக்கிற பாலை என்ன செய்வது என்று கேட்பார்கள். வீணாகிறதே என்று கன்றுக்கு ஊற்றுகிறார்கள், இது எங்கும் நடக்கிற விஷயம். கன்றின் குடலில் தினமும் சிறு அளவு மருந்து போனால், மேலே சொன்ன கோழித் தீவனக் கதைதான் திரும்ப நடக்கும், அந்தச் சாணம் மறுபடி அதே கொட்டகையில்தான் விழும். நாங்கள் அந்தப் பாலை மற்றதோடு சேராமல் தனி வாளியில் கறந்து, மாடுகள் மேயாத, கிணற்றுக்குத் தள்ளி இருக்கிற ஒரு குழியில் ஊற்றி மண் தள்ளிவிடுகிறோம். மனசு கேட்காதுதான். வாளியை எடுத்துப் போகிறவர் ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார், நானும் அதைக் கேட்காத மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன்.